பழைய வீடியோ கேம்கள் புதிய டிவியில் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன?

கேள்வி இதுதான். சின்ன வயதில் பிக்சர் டியூப் டிவியில் ஆடிய கேம்களை இப்போது எமுலேட்டர் (பழைய கேம் பெட்டி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள்) வழியாகப் பெரிய எல்இடி டிவியில் ஓடவிட்டால் எல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக, கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அன்றைக்கு இப்படித் தெரிந்ததாக ஞாபகம் இல்லை. ஞாபகம் ஏமாற்றுகிறதா? ‘ஸ்கேன்லைன்’ ஃபில்டரைப் போட்டால் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்து படமே இருண்டு போகிறது. அதுதான் அசல் தோற்றமா?

ஞாபகம் ஏமாற்றவில்லை. அன்று கண்ணுக்கு வந்து சேர்ந்த படம் வேறு, இன்று வந்து சேரும் படம் வேறு. கேமுக்குள் இருக்கும் தகவல் ஒரு பிட்கூட மாறவில்லை. ஆனால் அந்தத் தகவலில் இருப்பது பாதிப் படம்தான், மீதிப் பாதியைத் திரை வரைந்தது. அந்தத் திரையை மாற்றிவிட்டதால் வரைந்த கையே மாறிவிட்டது. அப்புறம், அந்தக் கறுப்புக் கோடு ஃபில்டர் அசல் தோற்றம் இல்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

பிக்சல் என்றாலே சின்னச் சதுரம் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கேமின் நினைவகத்தில் சதுரம் எதுவும் கிடையாது. ‘இந்த இடத்தில் இந்த நிறம்’ என்கிற ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு அகலமோ உயரமோ ஓரமோ இல்லை. பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்வி ரே ஸ்மித், பின்னாளில் மைக்ரோசாஃப்டில் இருந்தபோது 1995இல் இதைப் பற்றி ஒரு குறிப்பே எழுதினார். பிக்சல் சிறு சதுரம் அல்ல என்பதுதான் அதன் தலைப்பு. கிராஃபிக்ஸ் படிப்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். எண்ணுக்கு உருவம் கொடுப்பது திரையின் வேலை. எல்சிடி (உங்கள் எல்இடி டிவியும் இந்த வகைதான்) அதற்கு ஓரம் வெட்டிய செவ்வகத்தைக் கொடுக்கிறது. பிக்சர் டியூப் என்ன உருவம் கொடுத்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

டியூபின் கழுத்துப் பகுதியிலிருந்து எலக்ட்ரான் கதிர் கிளம்புகிறது. வண்ண டிவியில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக மூன்று கதிர்கள். கழுத்தைச் சுற்றியிருக்கும் காந்தச் சுருள்கள் அந்தக் கதிரை இடமிருந்து வலமாக இழுக்கின்றன, ஒரு கோடு முடிந்ததும் சட்டென்று இடது ஓரத்துக்குத் திருப்பி அடுத்த கோட்டைத் தொடங்குகின்றன. கதிர் பட்ட இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் ஒளிர்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள், அதில் படமாகத் தெரிவது சுமார் 480. இந்தியாவில் இருந்த ‘பால்’ முறையில் 625 கோடுகள், தெரிவது 576.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்தால் படம் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்திருக்கிறது. ஆனால் ஒரு கோட்டுக்குள், இடமிருந்து வலமாக, பிரிவு என்று எதுவுமே இல்லை. ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஒன்று தொடர்ச்சியாக ஓடுகிறது, அதற்கேற்பக் கதிரின் வலு கூடிக் குறைகிறது. ஒரு பிக்சல் கறுப்பு, அடுத்தது வெள்ளை என்றால் கதிர் ஒரே கணத்தில் மாறுவதில்லை, சற்றே சரிந்து மாறுகிறது. கதிர் விழும் புள்ளியும் கூர்மையானதல்ல. டார்ச் லைட்டைச் சுவரில் அடித்தது மாதிரி நடுவில் பளிச்சென்றும் ஓரம் போகப் போக மங்கியும் இருக்கும். ஆகவே டியூபில் ஒரு பிக்சல் என்பது பக்கவாட்டில் அடுத்த பிக்சலோடு குழைந்து, மேலும் கீழும் சற்று விலகி நிற்கும் ஓர் ஒளித்துளி. சதுரத்தின் நான்கு மூலைகள் அதில் எங்கேயும் இல்லை. படிக்கட்டு தெரியாமல் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி ஸ்கேன்லைன். டிவி ஒளிபரப்பில் 480 கோடுகளையும் ஒரே மூச்சில் வரைய மாட்டார்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த வீச்சில் இடையில் இரட்டைப்படைக் கோடுகள், இப்படி மாறி மாறி நொடிக்கு 60 வீச்சுகள். ஒரு வீச்சுக்கு 262.5 கோடுகள். அந்த அரைக் கோடுதான் சூட்சுமம். அதனால்தான் இரண்டாவது வீச்சு அரைக் கோடு இறங்கி முதல் வீச்சின் இடைவெளியில் போய் உட்காரும். 1983இல் ஜப்பானில் வந்த நின்டென்டோவின் ஃபேமிகாம், 1988இல் வந்த சேகாவின் மெகா டிரைவ் போன்ற கேம் பெட்டிகள் அந்த அரைக் கோட்டை விட்டுவிட்டு முழுசாக 262 கோடுகளை அனுப்பின. விளைவு, ஒவ்வொரு வீச்சும் போன வீச்சு விழுந்த அதே இடத்திலேயே விழுந்தது. இடையில் இருக்கும் கோடுகளுக்கு யாரும் ஒளி கொடுக்கவே இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் இன்று ‘ஸ்கேன்லைன்’ என்கிறோம். கறுப்புக் கோடு என்று யாரும் எதையும் வரையவில்லை. ஒளி விழாத இடம் இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். அந்த 262இல் படமாகத் தெரிவது சுமார் 240 கோடுகள் என்பதால் இன்று இந்த முறையை 240பி என்கிறார்கள். கோடுகள் பாதியானாலும் படம் நடுங்காமல் நின்றது. நினைவகம் குறைவான அந்தக் காலத்தில் அது நல்ல பேரம்.

சரி, அந்த இருண்ட இடைவெளி நம் கண்ணுக்குத் தெரிந்ததா? இதில்தான் இன்றைய ஃபில்டர்களோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு. நம் வீடுகளில் பரவலாக இருந்த 14 அங்குல டிவியில் படத்தின் உயரம் ஏறக்குறைய 20 செ.மீ. அதில் 240 கோடு என்றால் ஒரு கோட்டுக்கு 0.8 மி.மீ. சொச்சம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சராசரிக் கண்ணால் பிரித்தறிய முடிகிற எல்லை 0.6 மி.மீ. சுமார். அதாவது கோட்டுக்கும் இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணின் எல்லையிலேயே நிற்கிறது. கோடு கோடாகத் தெரியாது, ஒரு மெல்லிய நயமாக மட்டும் உணரப்படும். ‘பால்’ முறையில் ஒரு வீச்சுக்குச் சுமார் 288 கோடுகள் தெரியும் என்பதால் இடைவெளி இன்னும் சின்னது. 29 அங்குல டிவியிலோ ஆர்கேட் எந்திரத்தின் பெரிய டியூபிலோ முகத்தை ஒட்டி நின்று ஆடியவர்களுக்கு இடைவெளி நன்றாகவே தெரிந்திருக்கும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒரே ‘ஸ்கேன்லைன் தோற்றம்’ என்று ஒன்று இருந்ததே இல்லை.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கதிரின் வலு கூடும்போது அந்த ஒளித்துளியும் பருக்கும். வெளிச்சமான வானம், வெள்ளை மேகம் வரும் இடத்தில் கோடுகள் தடித்துக்கொண்டு இடைவெளியை ஏறக்குறைய விழுங்கிவிடும். இருண்ட குகை, இரவுக் காட்சி வரும் இடத்தில் கோடுகள் மெலிந்து இடைவெளி அகலும். ஒரே படத்துக்குள்ளேயே ஒரு மூலையில் கோடு தெரியும், இன்னொரு மூலையில் தெரியாது. ஒளிரும் பொருள்களுக்கு இயல்பாகவே ஒரு ததும்பல் கிடைக்கும். மலிவான ஃபில்டர் என்ன செய்கிறது? வெளிச்சம், இருட்டு என்று எதையும் பாராமல் ஒரே தடிமனில் ஒன்று விட்டு ஒன்று கறுப்படிக்கிறது. வெளிச்சமும் பாதியாகிறது, ததும்பலும் போகிறது. நீங்கள் பார்த்த இருட்டு அதிலிருந்து வந்ததுதான்.

கண்ணாடிக்கு உள்ளே துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்றும் இருக்கும். ஒவ்வொரு நிறத்தின் கதிரும் தன் நிறப் பாஸ்பரில் மட்டும் விழவேண்டும் என்பதற்காக அது. வட்டத் துளைகள் கொண்டது ஒரு வகை. நீள்துளைகள் கொண்டது இன்னொரு வகை, வீட்டு டிவிகளில் அதிகம் இருந்தது இதுதான். சோனி 1968இல் கொண்டுவந்த டிரினிட்ரானில் துளைகளுக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை நீண்ட கம்பி இழைகள். அந்த இழைகள் அதிராமல் இருக்கக் குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியின் நிழல்கூட வெள்ளைத் திரையில் மயிரிழையாகத் தெரியும், டிரினிட்ரான் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இந்தத் துளைகளுக்கும் கேமின் பிக்சல்களுக்கும் எந்த ஒத்திசைவும் கிடையாது. ஒரு பிக்சல் ஒன்றரைத் துளை அகலத்தில் விழலாம், இரண்டேகால் துளையிலும் விழலாம். அதனால் படத்தின் மேல் பிக்சலைவிட நுண்ணிய ஒரு நெய்த பரப்பு படிந்தது. கண் அந்தப் பரப்பையும் படத்தின் விவரமாகவே எடுத்துக்கொண்டது. 256 புள்ளி அகலத்தில் வரைந்த முகம் அதைவிட நுணுக்கமாகத் தெரிந்ததில் இந்தத் தகட்டுக்கும் பங்கு உண்டு.

திரையோடு கேபிளையும் சேர்க்க வேண்டும். மஞ்சள் நிற ஏவி கேபிளில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. என்டிஎஸ்சியில் வண்ணத் தகவல் 3.58 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வருகிறது. டிவி அதைப் பிரித்தெடுக்கும்போது அந்த அலைவரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் நுண்ணிய வெளிச்ச விவரங்களும் அடிபட்டுப் போகும். மெகா டிரைவ் 320 புள்ளி அகலத்தில் நொடிக்குச் சுமார் 67 லட்சம் பிக்சல்களை அனுப்பும். ஒன்று விட்டு ஒன்று வெளிச்சமும் இருட்டுமாக வரைந்தால் அது 3.36 மெகாஹெர்ட்ஸ் அலை. வண்ண அலைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். டிவியால் அந்தக் கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியாது, இரண்டும் கலந்த ஒரே நிறமாகக் காட்டிவிடும்.

ஓவியர்கள் இந்தக் குறையைக் கருவியாக்கினார்கள். மெகா டிரைவில் ஒரு படத்தின் வழியாக இன்னொன்று தெரியும்படி கண்ணாடி போலக் காட்ட வன்பொருளில் வசதி இல்லை. 1991இல் வந்த ‘சோனிக்’ கேமின் அருவியை நினைத்துப் பாருங்கள். அது செங்குத்தான கோடுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெற்றிடமாக வரையப்பட்டது. ஏவி கேபிள் வழியாக டியூப் டிவிக்குப் போனால் கோடுகள் கலந்து, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிகிற நீர்த்திரையாகிவிடும். எமுலேட்டரில் பார்த்தால் சீப்பின் பற்கள் மாதிரி வெறும் கோடுகள். ‘அந்தக் காலத்துக் கிராஃபிக்ஸ் இவ்வளவுதான்’ என்று அதைப் பார்த்துச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. வரைந்தவர் அந்தக் கோடுகளை வரையவில்லை, அவற்றால் உண்டாகும் நீரை வரைந்தார். நிறமே இப்படிப் பிறந்த கதையும் உண்டு. 1977இல் வந்த ஆப்பிள் II கணினியில் ஸ்டீவ் வோஸ்னியாக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை அந்த 3.58 மெகாஹெர்ட்ஸ் தாளத்துக்கு ஏற்ப அனுப்பி, டிவி அவற்றை வண்ணமென்று எடுத்துக்கொள்ளும்படி செய்தார். நினைவகத்தில் வெறும் ஒன்றும் பூஜ்யமும், திரையில் பச்சையும் ஊதாவும்.

ஸ்கேன்லைன் தோற்றத்தோடு நின்றுவிடவில்லை, எந்திரங்கள் யோசித்ததே கோடு கோடாகத்தான். 1977இல் வந்த அட்டாரி 2600இல் மொத்த ரேம் 128 பைட். முழுப் படத்தைச் சேர்த்துவைக்க அதில் இடமே இல்லை. கதிர் ஒரு கோட்டை வரைந்து முடிக்கும் நேரம் ப்ராசஸருக்கு 76 துடிப்புகள். அதற்குள் அந்தக் கோட்டில் என்ன வரவேண்டும் என்று நிரல் முடிவு செய்தாக வேண்டும். கதிரோடு ஓட்டப் பந்தயம் ஓடித்தான் நிரல் எழுதினார்கள். நின்டென்டோ பெட்டியில் ஒரு கோட்டில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. எதிரிகள் வரிசையாக ஒரே உயரத்தில் வந்தால் சிலர் மறைந்துவிடுவார்கள். யார் மறைவது என்பதை ஒவ்வொரு வீச்சிலும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள் நிரலாளர்கள். பழைய கேம்களில் உருவங்கள் மினுக்கியது அப்படி வந்ததுதான். 1984இல் வந்த ‘டக் ஹன்ட்’ கேமின் துப்பாக்கி, விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அப்புறம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னுவதைக் தன் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரியால் பிடிக்கும். டியூபின் நேரக் கணக்கை நம்பிச் செய்தது என்பதால் எல்சிடியில் அது சுடவே சுடாது.

இப்போது உங்கள் எல்இடி டிவிக்கு வருவோம். எல்இடி என்பது பின்னால் இருக்கும் விளக்குதான், முன்னால் இருப்பது எல்சிடி. அதில் பிக்சல்கள் நிலையாகப் பதித்த கட்டங்கள். 240 கோடுகளை 1080 கட்டங்களில் பரப்ப வேண்டும் என்றால் ஒரு கோட்டுக்கு நாலரைக் கட்டம். அரைக் கட்டத்தை ஏற்ற முடியாது. அப்படியே நீட்டினால் சில கோடுகள் நான்கு கட்டமும் சில கோடுகள் ஐந்து கட்டமும் எடுத்துக்கொள்ளும். நிற்கும் படத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. திரை நகரும்போது செங்கல் சுவர் நெளிவதுபோல் ஓர் அலை ஓடும். 32 அங்குல ‘எச்டி ரெடி’ டிவிகளில் 768 கோடுகள்தான், அங்கே 3.2 மடங்கு, இன்னும் மோசம். இதைத் தவிர்க்கப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து இழைத்தால் எல்லாமே நனைந்த துணி மாதிரி மங்கிவிடும். என்னைக் கேட்டால் இந்த மங்கல் கட்டத்தைவிட மோசம். டியூப் பக்கவாட்டில் மட்டும் குழைத்தது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருட்டை விட்டுப் படத்தைக் கூர்மையாகவே வைத்திருந்தது. வெறும் மங்கலில் குழைவு மட்டும் இருக்கிறது, கூர்மை இல்லை. 4கே டிவியில் 2160 கோடுகள், 240இன் சரியாக ஒன்பது மடங்கு. கணக்கு அழகாக உட்கார்ந்துவிடும். 1080 டிவியில் நான்கு மடங்கு போட்டு மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விடலாம். அல்லது ஐந்து மடங்கு போட்டு மேலே 12, கீழே 12 கோடுகளை வெட்டிவிடலாம். பழைய டிவிகளின் சட்டமே விளிம்பைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டுதான் இருந்தது என்பதால் பல கேம்களில் இது உறுத்தாது.

அகலத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். ஃபேமிகாமின் 256 பிக்சல் அகலம் 4:3 திரையில் விரிந்ததால் அங்கே ஒரு பிக்சல் உயரத்தைவிட அகலம் கூடியது, விகிதம் 8:7. சதுரப் பிக்சலில் அப்படியே காட்டினால் ஆள் ஒல்லியாகிவிடுவான். 16:9க்கு முழுசாக இழுத்தால் ஊதிவிடுவான். எமுலேட்டரில் 4:3 வைத்தால் போதும்.

அசல் பெட்டியையே மஞ்சள் கேபிளில் புது டிவியோடு இணைத்தால் இன்னொரு சிக்கல். பல டிவிகளுக்கு 240பி என்றால் என்னவென்றே தெரியாது. மாறி மாறி வரும் 480 கோட்டு ஒளிபரப்பு என்று நினைத்து, இரண்டு வீச்சுகளையும் பின்னி ஒரு படமாக்கப் பார்க்கும். அடிபட்ட நாயகன் ஒரு வீச்சில் தெரிந்து அடுத்த வீச்சில் மறைந்து மினுக்குவானே, அவன் கோடு கோடாகக் கிழிவான், அல்லது முழுசாகவே காணாமல் போவான். நிழல்களும் அப்படித்தான். பல கேம்கள் நிழலை ஒரு வீச்சு விட்டு ஒரு வீச்சு காட்டி, பாதி ஒளி ஊடுருவுவதுபோலத் தோன்றச் செய்தன. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் இதற்காகவே வந்தவை, 240பியைச் சரியாக அடையாளம் கண்டு கோடுகளைப் பெருக்கித் தரும்.

அசையும்போது வரும் வேறுபாட்டை எந்த ஸ்கிரீன்ஷாட்டும் காட்டாது, ஆனால் எனக்கு இதுதான் ஆகப் பெரிய இழப்பு. டியூபில் கதிர் கடந்ததும் பாஸ்பர் ஒரு மில்லி விநாடி அளவில் அணைந்துவிடும். நொடிக்கு 60 முறை ஒளி பளிச்சிட்டுப் பளிச்சிட்டு மறைகிறது, நடுவில் இருட்டு. எல்சிடியோ ஓஎல்இடியோ ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை 16.7 மில்லி விநாடி முழுக்கப் பிடித்துக்கொண்டே நிற்கும். ஒரு பொருள் ஒரு படத்துக்கு 6 பிக்சல் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண் அதைத் தொடர்ந்து சீராக ஓடுகிறது. படமோ நின்று நின்று தாவுகிறது. விழித்திரையில் அந்தப் பொருள் 6 பிக்சல் அகலத்துக்கு இழுபடுகிறது. டியூபில் அதே இழுபடல் அரைப் பிக்சலுக்கும் குறைவு. ஓடும் சோனிக்கின் பின்னணி அன்று கத்தி மாதிரி தெளிவாக ஓடியது, இன்று 4கே பேனலில் கலங்குகிறது. உங்கள் டிவியில் படங்களுக்கு இடையே கறுப்புப் படம் செருகும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் பாதியாகும், ஆனால் அசைவில் பழைய தெளிவு கொஞ்சம் திரும்பும்.

ஃபில்டர் போடவே கூடாதா என்றால், நல்லதாகப் பார்த்துப் போடுங்கள். எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் சிஆர்டி-ராயல், சிஆர்டி-ஜியோம், சிஆர்டி-லோட்டஸ் என்று டியூபின் இயற்பியலையே கணக்கிடும் ஷேடர்கள் (படம் திரைக்குப் போகும்முன் அதை மாற்றித் தரும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. வெளிச்சத்துக்கு ஏற்பக் கோடு பருப்பது, தகட்டின் துளைகள், பக்கவாட்டுக் குழைவு எல்லாம் அவற்றில் உண்டு. ஷேடரின் தரத்தை எடைபோட ஒரு வழி, அது ஒளியை எப்படிக் கலக்கிறது என்று பார்ப்பது. கோப்பில் இருக்கும் எண்ணும் திரையில் வரும் ஒளியும் நேர்விகிதத்தில் இல்லை. 0 முதல் 255 வரையான அளவில் வெள்ளையும் கறுப்பும் ஒளியாகப் பாதிப் பாதி கலந்தால் வரவேண்டிய எண் 186 சுமார். எண்களையே கூட்டி வகுத்து 128 என்று போடும் ஷேடரில் கலவைகள் எல்லாம் அழுக்காகத் தெரியும். இன்னொன்று, 1080 டிவியில் ஒரு கோட்டுக்கு நாலரைக் கட்டம்தான் என்பதால் ஒளித்துளியின் மென்மையை வரைய இடம் போதாது. அங்கே தகட்டுத் துளைகளை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் மெலிதாக வையுங்கள். 4கேயில் ஒன்பது கட்டம் கிடைக்கிறது, ஷேடரின் முழு வேலையும் தெரியும். வெளிச்சத்தை இழப்பதை ஈடுகட்ட டிவியின் பின்விளக்கை முழுசாக ஏற்றிவிடுங்கள். வெளிச்சத்தை இன்னும் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாப் பழைய கேமுக்கும் ஸ்கேன்லைன் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். டாஸ் காலத்துக் கணினி கேம்கள் 320 × 200இல் இருந்தாலும், 1987இல் வந்த விஜிஏ என்கிற கணினிப் பட முறை ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை வரைந்து 400 கோடுகளாக மானிட்டருக்கு அனுப்பியது. இடைவெளி விழ இடமே இல்லை. அந்த கேம்கள் அன்றைக்கே ஓரளவு கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன, அவற்றின் மேல் கறுப்புக் கோடு போடுவது வரலாற்றுக்கே பொய். 1989இல் வந்த கேம் பாய்க்கு டியூபே கிடையாது, 160 × 144 புள்ளி எல்சிடி. அதற்கு வேண்டியது புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய கட்ட வலையும், மெதுவாக மாறும் அந்தத் திரையின் தேய்வும். 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் முதலில் பின்விளக்கு இல்லை, இருட்டாகத் தெரியும் என்பதற்காகவே பல கேம்களில் நிறத்தை வெளிற ஏற்றி வரைந்தார்கள். இன்றைய திரையில் அது கண்ணைக் கூசும், நிறம் திருத்தும் ஷேடர் போட வேண்டும். இப்போது புதிதாக வரும் ‘பிக்சல் ஆர்ட்’ கேம்களோ சதுரக் கட்டத்தை மனதில் வைத்தே எல்சிடியில் வரையப்படுகின்றன, அவற்றை அப்படியே விடுங்கள்.

எல்சிடியின் பிக்சலும் உண்மையில் ஒரே துண்டு இல்லை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று செங்குத்துப் பட்டைகள். மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப் அந்தப் பட்டைகளைத் தனித்தனியாக இயக்கி எழுத்தின் ஓரத்தைப் பக்கவாட்டில் மும்மடங்கு நுணுக்கமாக்கியது. ன, ண இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பக்கவாட்டில் கூடும் ஒரு சுழிதான் என்பதால் சிறிய எழுத்தில் தமிழுக்கு இது நன்றாக உதவும். ஆனால் கி, கீ இரண்டையும் பிரிக்கும் கொக்கி மேலே நிற்கிறது, அதற்குச் செங்குத்தான நுணுக்கம் வேண்டும், அது இதில் கிடைக்காது. இதை இங்கே சொல்லக் காரணம், டியூபின் தகட்டை வரையும் ஷேடருக்கும் உங்கள் பேனலின் பட்டை வரிசை தெரிந்திருக்க வேண்டும். எல்ஜியின் ஓஎல்இடியில் வெள்ளையும் சேர்ந்து நான்கு பட்டைகள். சாதாரண வரிசைக்கு எழுதிய ஷேடரை அதில் போட்டால் ஓரங்களில் வேண்டாத நிறம் கசியும். அமைப்பில் அதற்கான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டி அசலையே பார்க்க ஆசை என்றால், தமிழ்நாட்டில் அது அவ்வளவு கடினமில்லை. 2006இல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் டியூப் வகைதான். பரணிலோ பழைய பொருள் கடையிலோ அப்படி ஒன்று கிடைக்கலாம். வாங்கும்முன் ஏவி இன்புட் இருக்கிறதா, என்டிஎஸ்சி சிக்னலில் நிறம் வருகிறதா என்று சோதியுங்கள். ‘பால்’ மட்டும் புரியும் டிவியில் ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகள் கறுப்பு வெள்ளையாகவே தெரியும். ஐரோப்பியப் பதிப்பு கேம் என்றால் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், முடிந்தவரை 60 ஹெர்ட்ஸ் பதிப்பையே எடுங்கள். ‘100 ஹெர்ட்ஸ்’ என்று எழுதிய கடைசிக் காலத்து டியூப் டிவிகள் வேண்டாம். அவை படத்தை உள்ளே டிஜிட்டலாக மாற்றிவிட்டுத்தான் காட்டும், 240பியின் குணம் போய்விடும். படம் கோணலாக இருக்கிறது என்று நீங்களே பின்மூடியைக் கழற்றிவிடாதீர்கள். டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். டியூப் டிவி பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக் எவராவது பக்கத்தில் இருந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்.